படத்தில் ஊதா ஓரம், பச்சை ஓரம்: இடத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

50 மி.மீ. எஃப்/1.8, 85 மி.மீ. எஃப்/1.8 போல அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறைய துளை பெரிது) அகலமாகத் திறக்கும் லென்ஸை முதன்முதலாக வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி இது. வெளுத்த வானத்துக்கு முன்னால் தென்னங்கீற்றை எடுத்தால் ஒவ்வொரு இலைக்கும் ஊதாக் கரை. வெயிலில் நிறுத்திய பைக்கின் குரோம் கண்ணாடியைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. மணப்பெண்ணின் ஜிமிக்கி ஓரத்தில் பச்சை. லென்ஸ் பழுதா, கடையில் கொடுத்து மாற்றலாமா?

பெரும்பாலும் பழுது இல்லை. ஆனால் பொதுவாக "நிறம் கசிகிறது" என்று சொல்லும் இந்தக் குறை ஒரே காரணத்தால் வருவதில்லை. கண்ணாடி வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு தூரத்தில் குவிப்பதால் ஒரு வகை வருகிறது. வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவில் வரைவதால் இன்னொரு வகை வருகிறது. எக்ஸ்போஷர் எகிறிப்போனால், ஏற்கனவே இருக்கும் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரிகிறது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றில் வேலை செய்யாது. மூலையில் வரும் சிவப்புக் கோட்டுக்கு லைட்ரூம் போன்ற படத் திருத்த மென்பொருளில், ஓர நிறத்தை உறிஞ்சும் டிஃப்ரிஞ்ச் ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போனால் கோடு அப்படியே இருக்கும், புடவை பார்டரின் நிறம்தான் போகும். அதனால்தான் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். திரைக்குள் மொத்தப் படமும் அடங்கும் அளவில் பார்த்தால் ஓரம் தெரியாமலும் போகலாம், இல்லாத ஓரம் இருப்பது போலவும் தோன்றலாம். பெரிதாக்கிய பிறகு படத்தின் நடுவுக்குப் போங்கள். அங்கே ஓரம் இருக்கிறதா, இல்லை மூலைகளில் மட்டும்தானா? அடுத்து, ஒரே பொருளின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமா, ஒரு பக்கம் சிவப்பும் எதிர்ப்பக்கம் பச்சைநீலமுமா? ஓரம் வரும் பொருள் ஃபோகஸில் இருக்கிறதா, அதற்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?

இதற்கும் பிடிபடாவிட்டால் ஒரு சோதனை போதும். அதே காட்சியை, அதே வெளிச்சத்தில், எஃப்/1.8-இல் ஒன்றும் எஃப்/5.6-இல் ஒன்றும் எடுங்கள். இரண்டிலும் படத்தின் மொத்த வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும்படி ஷட்டரை மாற்றிக்கொள்ளுங்கள். எஃப்/5.6-இல் ஓரம் மறைந்தால் அது குவியும் தூரத்தில் வரும் குறை. அப்படியே நின்றால் அளவில் வரும் குறை, அல்லது லென்ஸுக்கு வெளியே வேறு ஏதோ. இந்த ஒரு ஜோடிப் படம் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

நடு, மூலை எல்லாவற்றிலும், வெளிச்சமான பின்னணியை ஒட்டி ஊதா வருகிறது

தென்னங்கீற்று, வேப்பங்கிளை, ஜன்னல் கம்பி, மின்கம்பி, வெயில் பட்ட எவர்சில்வர் குடம். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். கண்ணாடி சிவப்பைவிட ஊதாவை அதிகமாக வளைக்கும். ஒரே ஒரு கண்ணாடிச் சில்லால் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து இரண்டு நிறங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வழிக்கு லண்டனில் ஜான் டாலண்ட் 1758-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய லென்ஸுகளும் அதே வழியில் வந்தவைதான். மற்ற நிறங்கள் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வரும், சரியாக வராது. கண்ணுக்கு மிக நன்றாகத் தெரியும் பச்சையும் மஞ்சளும் கூர்மையாக இருக்கும்படி லென்ஸை வடிவமைப்பார்கள். ஸ்பெக்ட்ரத்தின் கடைசியில் இருக்கும் ஊதா கொஞ்சம் தள்ளி விழும், அதாவது கலங்கி விழும்.

எஃப்/8-இல் உள்ளே வரும் ஒளிக்கூம்பு ஒல்லி, அதனால் அந்தக் கலக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. எஃப்/1.8-இல் கூம்பு அகலம், கலக்கமும் அகலம். வெளிச்சமான ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ஊதாப் படலம் இருக்கிறது. வானம் சரியான எக்ஸ்போஷரில் இருந்தால் அந்தப் படலம் இலையின் கருமையில் கரைந்துவிடும். வானம் மூன்று நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) எகிறியிருந்தால் படலமும் அத்தனை மடங்கு ஏறி, இருட்டான இலையின் மேல் பளிச்சென்று உட்காரும்.

ஆக, கையில் இரண்டு பிடி இருக்கிறது: அப்பர்ச்சர், எக்ஸ்போஷர்.

எஃப்/1.8-இலிருந்து எஃப்/2.8-க்கு மூடினால் கலக்கத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எஃப்/4-க்குப் போனால் பாதிக்கும் கீழே. எஃப்/1.8 லென்ஸ் வாங்கிவிட்டோம் என்பதற்காக எல்லாப் படத்தையும் எஃப்/1.8-இல் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆள் பக்கத்திலும் பின்னணி தூரத்திலும் இருந்தால் எஃப்/2.8-இலும் பின்னணி நன்றாகவே உருகும். எதிர்வெளிச்சத்தில் மரத்தடியில் எடுக்கும்போது நான் எஃப்/2.8-ஐத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். எஃப்/1.8-ஐ சாயங்காலத்துக்கும் மண்டபத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்போஷரில், எகிறிய இடம் மினுக்கும் ஹைலைட் எச்சரிக்கையை கேமராவில் ஆன் செய்யுங்கள். இலைகளுக்கு நடுவே வானம் மினுக்கினால் முக்கால் ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் குறையுங்கள். ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் வைக்கும் கோப்பு) எடுத்தால் முகத்தின் நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். வெந்துபோன வானத்தைத் திரும்ப வாங்க முடியாது.

மூன்றாவது வழி, சற்று நகர்வது. பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டடி இடது பக்கம் போனால் இலைக்குப் பின்னால் வானத்துக்குப் பதிலாகச் சுவர் வரும். அங்கே ஊதாவுக்கு இடமே கிடையாது.

யூ.வி. ஃபில்டர் மாட்டினால் போகுமா என்று கேட்பவர்கள் நிறைய. சாதாரண யூ.வி. ஃபில்டரால் பெரிய பலன் இல்லை. புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை லென்ஸின் கண்ணாடியும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் தகடும் ஏற்கனவே தடுத்துவிடுகின்றன. நம் படத்தில் தெரியும் ஊதா கண்ணுக்குத் தெரியும் ஊதா, 400 நானோமீட்டருக்கு மேல். அதை வெட்ட வேண்டுமானால் வெளிர் மஞ்சள் ஃபில்டர் வேண்டும். கோடாக் ராட்டன் 2ஈ அந்த வகை. நட்சத்திரங்களை எடுப்பவர்கள், நட்சத்திரத்தைச் சுற்றி நீலம் உப்பாமல் இருக்க இப்படி ஒன்றைப் பயன்படுத்துவதுண்டு. கல்யாணத்துக்கு வேண்டாம், ஒயிட் பேலன்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

படம் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது என்றால், லைட்ரூம் கிளாசிக்கில் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் மேனுவல் என்ற தாவலுக்குப் போங்கள். டிஃப்ரிஞ்ச் அங்கே இருக்கிறது. 100 அல்லது 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சொட்டுக்குழாய் வடிவக் கருவியை எடுத்து, ஊதா ஓரத்தின் மேலேயே சொடுக்குங்கள். இலையின் மேலோ வானத்தின் மேலோ வேண்டாம். எந்த நிற வரம்பு, எவ்வளவு வலிமை என்பதை அதுவே பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஊதா வரம்பு 30-இலிருந்து 70 வரை, பச்சை வரம்பு 40-இலிருந்து 60 வரை இருக்கும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால் எந்தெந்த இடம் பாதிக்கப்படுகிறது என்று காட்டும். இதை அவசியம் பாருங்கள். வரம்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. அமவுண்ட் 20 வரை போகும், பல படங்களுக்கு 5-க்குக் கீழேயே வேலை முடிந்துவிடும்.

காசு கொடுக்காமல் செய்ய வேண்டும் என்றால் ரா தெரபியில் டீட்டெயில் பகுதிக்குள் டிஃப்ரிஞ்ச் இருக்கிறது. டார்க்டேபிளில் குரோமேட்டிக் அபரேஷன்ஸ் என்ற மாடியூல், 3.6 பதிப்பிலிருந்து. பழைய டிஃப்ரிஞ்ச் மாடியூலைவிட இது எவ்வளவோ மேல்.

மூக்குத்தி ஊதா, ஜிமிக்கி பச்சை

இந்த அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கத் தெரிந்தால் ஓரத்தின் நிறமே ஃபோகஸைப் பற்றியும் சொல்லிவிடும்.

85 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா, எஃப்/1.8, ஒன்றரை மீட்டர் தூரம். இங்கே கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. அதில் பாதி ஃபோகஸுக்கு முன்னால், பாதி பின்னால். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு அந்த ஆழத்துக்கு வெளியே முன்பக்கம் போய்விடுகிறது, காது வெளியே பின்பக்கம் போய்விடுகிறது. சாதாரண லென்ஸுகளில் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவற்றின் விளிம்பில் ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம் வரும், பின்னால் இருப்பவற்றின் விளிம்பில் பச்சை வரும். வீடியோ லைட் வைரத்தில் பட்டுத் தெறிக்கும்போது மூக்குத்திக்கு ஊதா வளையம் கிடைப்பது இதனால்தான். ஜிமிக்கியின் முத்துக்களும் தூரத்துச் சீரியல் பல்புகளின் உருண்டைகளும் பச்சை விளிம்போடு வருவதும் இதனால்தான். சென்சாரில் பச்சை கூர்மையாக விழும்படி ஃபோகஸ் இருக்கிறது. முன்னால் இருக்கும் பொருளில் சிவப்பும் நீலமும் பச்சையைவிட அகலமாகக் கலங்குகின்றன. பின்னால் இருக்கும் பொருளில் பச்சை மற்ற இரண்டையும்விட அகலமாகக் கலங்குகிறது.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? படத்தில் இமைமுடியைப் பாருங்கள். இமைமுடி ஓரத்தில் பச்சை வந்திருந்தால் ஃபோகஸ் கண்ணுக்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுந்திருக்கிறது. படம் நல்ல கூர்மை என்று தோன்றினாலும் இந்தப் பச்சை ஏமாற்றாது. ஊதாவை மட்டும் வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, ஃபோகஸ் சரியாக இருக்கும் இடத்திலும் எகிறிய வெளிச்சத்தால் ஊதா வரும். டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு படத்திலும் கண்ணில் பச்சை வந்துகொண்டே இருந்தால், கேமராவில் ஆட்டோஃபோகஸ் ஃபைன் டியூன் (ஃபோகஸ் விழும் இடத்தைச் சற்று முன்பின் நகர்த்தும் அமைப்பு) செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ளலாம். ஜன்னல் வெளிச்சத்தில் மேஜை மேல் ஒரு நாளிதழை விரித்து, 45 பாகைச் சாய்வில் கேமரா பார்க்கும்படி ட்ரைபாடில் வையுங்கள். நடுவில் ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, அந்த வரியில் ஒரே புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம், உங்களுக்கு அருகில் இருக்கும் கறுப்பு எழுத்துக்களில் செவ்வூதாச் சாயல், அந்தப் பக்கம் தள்ளியிருக்கும் எழுத்துக்களில் பச்சைச் சாயல். நிறம் மாறும் இடம் கோட்டின் மேலேயே இருந்தால் ஃபோகஸ் சரி. கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளியிருந்தால் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் எஃப்/2.8, எஃப்/4 என்று மூடிக்கொண்டே எடுங்கள். எந்த எஃப் எண்ணில் இரண்டு நிறமும் போகிறதோ அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகை நெருக்கத்தில் வரும் படங்களுக்கு அந்த எண்தான் உங்கள் லென்ஸுக்கான எண்.

எடுத்த படத்தில் இதைத் திருத்துவது ஊதாவைவிடக் கடினம். பச்சையும் ஊதாவும் ஒரே முகத்தில் இருக்கும், டிஃப்ரிஞ்ச் இரண்டு வரம்பையும் தனித்தனியே திறக்க வேண்டியிருக்கும். நகைகளுக்கு மட்டும் பிரஷ் எடுத்து, அதிலிருக்கும் டிஃப்ரிஞ்ச் ஸ்லைடரை ஏற்றுங்கள். ஃபோட்டோஷாப் தெரிந்தவர்கள் இன்னொரு வழியில் போகலாம். மேலே ஒரு காலி லேயர் போட்டு, அதன் பிளெண்டிங் மோடை கலர் என்று மாற்றி, மூக்குத்திக்குப் பக்கத்துத் தோலின் நிறத்தையே எடுத்து, ஓரத்தின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். ஆல்பத்தின் அட்டைக்குப் போகும் படத்துக்கு இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். எந்த ஸ்லைடரும் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது.

மூலைகளில் மட்டும், ஒரு பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் பச்சைநீலம்

அகலக்கோண லென்ஸில் கோபுரம் முழுவதையும் எடுத்திருக்கிறீர்கள். நடுவில் வாசல் சுத்தமாக இருக்கிறது. மேல் மூலைக்கு அருகில் கலசத்தின் ஒரு விளிம்பில் சிவப்பு, எதிர் விளிம்பில் பச்சைநீலம். எஃப்/8-இலும் அப்படியே இருக்கிறது. இங்கே நிறங்கள் ஒரே தூரத்தில்தான் குவிகின்றன, அளவுதான் வேறு. நாளிதழில் கலர் பிளேட்டுகள் கொஞ்சம் விலகி அச்சானது போல, சிவப்புப் படமும் நீலப் படமும் சற்றே வேறு அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. நடுவில் வித்தியாசம் பூஜ்யம், ஓரம் போகப்போக அதிகம். அப்பர்ச்சரை மூடினால் குறையாது. எஃப்/8-இல் மற்றக் கலக்கமெல்லாம் போய்விடுவதால் இன்னும் தெளிவாகவே தெரியும்.

எல்லா வகையிலும் இதுதான் சுலபமாகத் தீர்வது. சிவப்புப் படத்தையும் நீலப் படத்தையும் பச்சையின் அளவுக்கு நீட்டினால் போதும், மென்பொருள் அதைத்தான் செய்கிறது. லைட்ரூமில் ரிமூவ் குரோமேட்டிக் அபரேஷன் என்ற பெட்டியில் ஒரு டிக். ரா தெரபியில் ரா பகுதிக்குள் ஆட்டோ கரெக்‌ஷன். டார்க்டேபிளில் ரா குரோமேட்டிக் அபரேஷன்ஸ் மாடியூல், ஃபூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சார் தவிர. டிஃப்ரிஞ்ச் பக்கம் போகவே வேண்டாம்.

"ஜேபெக்கில் இல்லை, ரா ஃபைலில் மட்டும் வருகிறதே" என்பதற்கும் பதில் இதுதான். ஜேபெக்கை எழுதும்போது கேமராவே இந்த அளவுத் திருத்தத்தைச் செய்துவிடுகிறது. நிக்கான் 2007-இல் டி3, டி300 கேமராக்களிலேயே இதைக் கொண்டுவந்தது. கேனானில் லென்ஸ் அபரேஷன் கரெக்‌ஷன் என்ற மெனுவில் ஆன், ஆஃப் செய்துகொள்ளலாம். ரா ஃபைலில் அந்தத் திருத்தம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

திருத்திய பிறகு இன்னும் மோசமாகிவிட்டது

இந்த அறிகுறிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. படம் நன்றாகத்தான் இருந்திருக்கும், திருத்தும்போது கெட்டிருக்கும்.

கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையின் விளிம்பில் சாம்பல் கோடு வந்தால், டிஃப்ரிஞ்சின் ஊதா வரம்பு புடவையையும் கசிவு என்று எண்ணித் தின்றுவிட்டது. முதலில் அமவுண்டைக் குறைத்து வரம்பைக் குறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிரஷ் எடுத்து டிஃப்ரிஞ்சை -100-இல் வைத்துப் புடவையின் மேல் தீட்டுங்கள். மொத்தப் படத்துக்கும் போட்ட திருத்தம் அந்த இடத்தில் மட்டும் செயலிழந்துவிடும். இந்த வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. மாம்பழப் பச்சை பார்டர், வாழையிலை, வெற்றிலை ஆகியவற்றுக்கும் பச்சை வரம்பில் இதே ஆபத்து உண்டு.

இலைகளைச் சுற்றி நிறமில்லாத வெளிர் வளையம் நிற்கிறதா? ஊதா போய்விட்டது, அதன் வெளிச்சம் போகவில்லை. நிறத்தை மட்டும் உறிஞ்சும் கருவியால் அதை எடுக்க முடியாது. ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது ஊதாவில் பாதியை அப்படியே விட்டுவிடுங்கள். பாதி ஊதா இருக்கும் இலையை யாரும் கவனிக்க மாட்டார்கள், வெள்ளை வளையம் போட்ட இலை உடனே கண்ணில் படும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றித் தப்பிக்கலாம் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். நிறம் போனாலும் கலக்கம் சாம்பல் வளையமாக நிற்கும். மாற்றும்போது ஊதா நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஓரளவு மறைக்கலாம்.

மூலையில் முன்பு சிவப்பு இருந்த பக்கம் இப்போது பச்சைநீலம் வந்திருந்தால் திருத்தம் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கேமரா ஏற்கனவே திருத்திய ஜேபெக்கின் மேல் கணினியிலும் லென்ஸ் புரொஃபைல் (அந்த லென்ஸுக்கென்று இருக்கும் தயார் திருத்தம்) போட்டிருப்பீர்கள். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கிராப் செய்து சேமித்த ஜேபெக்கைப் புதிதாகத் திறந்து அளவுத் திருத்தம் போட்டாலும் தவறாகப் போகும். அளவு வித்தியாசம் லென்ஸின் நடுப்புள்ளியிலிருந்து கணக்காகிறது. கிராப் செய்த படத்தின் நடு அந்தப் புள்ளி இல்லை, மென்பொருளுக்கு அது தெரியாது. எப்போதும் முழுப் படத்தில் திருத்திவிட்டு அப்புறம் கிராப் செய்யுங்கள். லைட்ரூமுக்கு உள்ளேயே கிராப் செய்தால் இந்தத் தொந்தரவு இல்லை, மூலப் படம் அதனிடம் முழுசாக இருக்கிறது. பனோரமா ஒட்டுவதற்கும் இதே விதிதான், ஒவ்வொரு துண்டையும் திருத்திவிட்டு ஒட்ட வேண்டும்.

நடுவிலும் மூலையிலும் ஒரே திசையில் நிறம்

படம் முழுக்க எல்லாப் பொருளின் மேல் விளிம்பிலும் ஒரு நிறம், கீழ் விளிம்பில் வேறு நிறம். இது லென்ஸின் இயல்பான குணம் இல்லை. லென்ஸை உடனே குற்றம் சொல்லிவிடவும் கூடாது.

அடிவானத்துக்கு அருகில் இருக்கும் நிலாவை டெலி லென்ஸில் எடுத்தால் மேல் விளிம்பில் நீலப்பச்சையும் கீழ் விளிம்பில் சிவப்பும் வரும். காற்று மண்டலமே நீல ஒளியை அதிகமாக வளைத்து மேலே தூக்குகிறது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸைப் போட்டாலும் இது வரும். நிலா உச்சிக்கு ஏறும் வரை காத்திருப்பதுதான் வழி. மீன்காட்சியகத்தின் தடித்த கண்ணாடி வழியே சாய்வாக எடுத்தாலும் இப்படி நிறம் பிரியும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் போய்விடும்.

அப்படி எதுவும் இல்லாமல், சாதாரணக் காட்சியில் நடுவிலேயே ஒரே திசையில் நிறம் பிரிந்தால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி இடம் விலகியிருக்கலாம். கீழே விழுந்த லென்ஸில் இதைச் சந்தேகிக்கலாம். டைல்ஸ் சுவரையோ செங்கல் சுவரையோ நேர் எதிரே நின்று எஃப்/5.6-இல் எடுங்கள். அப்புறம் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். முதல் படத்தில் சுவரின் இடது மேல் மூலை கலங்கியிருந்து, இரண்டாவதில் சுவரின் வலது கீழ் மூலை கலங்கினால் குறை லென்ஸில். இரண்டிலும் சுவரின் அதே மூலை கலங்கினால் நீங்கள் சாய்வாக நின்றிருக்கிறீர்கள், லென்ஸ் நலம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இந்த இரண்டு படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நிறம் வருகிறது, ஆனால் ஓரத்தில் இல்லை

கோட் துணியிலும் மெல்லிய கோடு போட்ட சட்டையிலும் ஊதாவும் பச்சையும் அலை அலையாக ஓடினால் அது மோயரே. துணியின் இழைக்கும் சென்சாரின் கட்டத்துக்கும் நடுவே வரும் மோதல். டிஃப்ரிஞ்ச் அதைத் தொடாது. பிரஷ்ஷில் மோயரே என்றே தனி ஸ்லைடர் இருக்கிறது. எடுக்கும்போதே தெரிந்தால் ஓரடி முன்னேயோ பின்னேயோ நகருங்கள்.

மேக்ரோவுக்காக லென்ஸின் முன்னால் மலிவான குளோஸ்-அப் ஃபில்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். ஒற்றைச் சில்லு, நிறம் கட்டாயம் கசியும். இரண்டு கண்ணாடி ஒட்டிய கேனான் 500டி போன்ற வகை வாங்கினால் தீரும்.

வீடியோவில் என்ன செய்வது?

வீடியோ பெரும்பாலும் ரா கிடையாது, ஒவ்வொரு ஃபிரேமாகத் தடவவும் முடியாது. எடுக்கும்போதே எஃப்/2.8-க்கு மூடுவதும் ஹைலைட்டைக் காப்பதும்தான் கதி. வெயிலில் என்.டி. ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டு அப்பர்ச்சரை முழுக்கத் திறக்கும் பழக்கம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. ஊதாவுக்கு அதைவிடச் சாதகமான ஏற்பாடு கிடையாது. வெள்ளை வேட்டி, வெயில், எஃப்/1.8 மூன்றும் சேரும் காட்சியில் ஃபில்டரைக் கொஞ்சம் குறைத்து அப்பர்ச்சரை மூடுங்கள்.

புது லென்ஸ் வாங்கினால் தீருமா?

தீரும், ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடிகளை நிக்கான் ஈ.டி. என்றும் கேனான் யூ.டி. என்றும் எழுதும். ஃப்ளோரைட் படிகம் அதைவிடச் சிறப்பு. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஆபே 1886-இல் ஸைஸ் நுண்ணோக்கிகளுக்காக மூன்று நிறங்களை ஒன்றுசேர்க்கும் அபோக்ரோமேட் லென்ஸைச் செய்தபோதும் இந்தப் படிகம் கை கொடுத்தது. கேனான் 1969-இல் 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் இதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தது. 2015-இல் வந்த கேனான் 35 மி.மீ. எஃப்/1.4 எல் இரண்டாம் பதிப்பில் நீல ஒளியை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்தும் பி.ஆர். என்ற அடுக்கு இருக்கிறது. 2013-இன் ஸைஸ் ஓட்டஸ் 55 மி.மீ. எஃப்/1.4 முழுக்க இந்தக் குறையை ஒழிக்கவென்றே செய்தது போல இருக்கும், எடையும் விலையும் அதற்கேற்றபடி. இவற்றோடு வாய்க்ட்லேண்டரின் 50 மி.மீ., 65 மி.மீ. அபோ-லாந்தர் லென்ஸுகளையும் பாருங்கள். இரண்டும் எஃப்/2-லேயே நிற்கின்றன. நிறம் சுத்தமாக இருப்பதைப் பெரிதாக நினைத்தவர்கள் அகலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. லென்ஸின் மேல் ஈ.டி., அபோ என்று எழுதியிருப்பது மட்டும் உத்தரவாதம் இல்லை, கையில் வாங்கிப் பார்த்தாக வேண்டும்.

பழைய லென்ஸோ புதிதோ, கடைக்குப் போகும்போது மெமரி கார்டையும் ஒரு துண்டு அலுமினியம் ஃபாயிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபாயிலைக் கசக்கி விரித்து, வெயிலில் வைத்து, முழு அப்பர்ச்சரில் மூன்று படம் எடுங்கள்: ஃபோகஸ் சரியாக, கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். கசங்கிய மடிப்புகளில் வெயில் தெறிக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சோதனை. ஃபோகஸில் இருக்கும் படத்தில் புள்ளிகளைச் சுற்றி ஊதா எவ்வளவு தடிமன், மற்ற இரண்டில் உருண்டைகளின் விளிம்பு எவ்வளவு நிறமேறுகிறது, நான்கு மூலையும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேமராவின் திரையிலேயே பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு அதே மூன்றையும் எஃப்/2.8-இல் எடுத்து ஒப்பிடுங்கள். அங்கேயே சுத்தமாகிவிட்டால் அந்த லென்ஸை நம்பி வாங்கலாம்.